வேளாண் விமானிகளுக்கான திறன் சோதனை

பயிர்மட்டத்தை ஒட்டிப் பறந்து மருந்து தெளிக்கவும், உரமும் விதையும் தூவவும் ஒரு விமானி தகுதி பெற்றவரா என்று பார்ப்பதே வேளாண் விமானிகளுக்கான திறன் சோதனை. விமானி உரிமம் பெறுவதற்கான தேர்வு வேறு, இது வேறு. உரிமத் தேர்வில் தேறியவருக்கு ஏறவும் இறங்கவும் உயரத்தில் சீராகப் பறக்கவும் தெரியும். வேளாண் விமானியோ பயிரின் நுனிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மேலே, மணிக்கு இருநூறு கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில், மின்கம்பிகளுக்கும் மரவரிசைகளுக்கும் நடுவே புகுந்து வெளிவர வேண்டும். அதையும் ஒரு நாளில் பல பத்து முறை செய்ய வேண்டும். தொட்டியில் இருப்பது பெரும்பாலும் நஞ்சு.

இதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. இக்கட்டுரை அமெரிக்க ஐக்கிய நாட்டு விதிகளையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. தொழில் பிறந்த இடம் அது என்பது ஒரு காரணம். சோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று மிகத் துல்லியமாக எழுதிவைத்த அந்த நாடு, அதை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லாமலே விட்டுவிட்டது என்பது இன்னொரு காரணம்.

பின்னணி

1921 ஆகஸ்ட் 3 அன்று ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் ஊருக்கு அருகே, புழு தாக்கிய கட்டால்பா மரத்தோப்பு ஒன்றின் மேல் ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். விமானத்தின் பக்கவாட்டில் ஒரு பெட்டியைக் கட்டி, அதிலிருந்து தூளைக் கொட்டினார்கள். இந்தச் சோதனை பலித்ததும், தென் மாநிலங்களில் பருத்தியை அழித்துவந்த காய்வண்டின் பக்கம் கவனம் திரும்பியது. லூசியானாவின் டல்லுலாவில் ஆய்வுகள் நடந்தன. 1920களின் நடுவில் இத்தொழிலுக்கென்றே கிளம்பிய ஹஃப்-டாலண்ட் டஸ்டர்ஸ் நிறுவனம்தான் பிற்பாடு டெல்டா விமான நிறுவனமானது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உபரியான பயிற்சி விமானங்களும் வேலையில்லாத விமானிகளும் ஏராளம். பலர் இத்தொழிலுக்கு வந்தார்கள், பலர் வயல்களிலேயே மாண்டார்கள். இதற்கென்றே ஒரு விமானத்தை வடிவமைக்க வேண்டிய தேவை வந்தது. 1950-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் ஃப்ரெட் வெய்க் உருவாக்கிய ஏஜி-1 அதற்கு முன்மாதிரி. மருந்துத் தொட்டி முன்னால். விமானி அதற்குப் பின்னே, உயரமான இருக்கையில், வலுவான கூண்டுக்குள். லேலண்ட் ஸ்னோ வடிவமைத்த விமானங்களும், அவர் டெக்சஸின் ஓல்னியில் தொடங்கிய ஏர் டிராக்டர் நிறுவனத்தின் விமானங்களும் இதே அமைப்பைத்தான் கொண்டவை. விமானியின் உயிரைக் காத்த இந்த அமைப்பு தேர்வாளருக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது: பெரும்பாலான வேளாண் விமானங்களில் இருப்பது ஒரே இருக்கை.

யாருக்குப் பொருந்தும்

அமெரிக்கக் கூட்டாட்சி விமான விதிகளின் 137ஆம் பகுதி 1965-இல் வெளியானது. பூச்சிக்கொல்லி தெளித்தல், பயிருக்கு ஊட்டமளித்தல், மண்ணைப் பதப்படுத்துதல், விதை தூவுதல், காடுகளைக் காக்கும் வகையில் எதையேனும் கொட்டுதல் எல்லாமே அதன்படி வேளாண் விமானப் பணிகள். காட்டுத்தீயின் மேல் தண்ணீர் கொட்டுவதும் இதில் சேர்ந்துவிடும். உயிருள்ள பூச்சிகளை வானிலிருந்து விடுவது மட்டும் சேராது என்று விதியே விலக்கிவைக்கிறது. மலடாக்கிய ஈக்களைப் பெட்டி பெட்டியாக வயலின் மேல் விடும் விமானிக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அதே வயலில் அந்த ஈயைக் கொல்ல மருந்தடிப்பவருக்குத் தேவை.

தொழில் நடத்துவோருக்கு இருவகைச் சான்றிதழ்கள் உண்டு. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ கூலியின்றித் தெளித்துக்கொள்ளும் விவசாயிக்குத் தனியார் வகை. அதற்குத் தனியார் விமானி உரிமமே போதும். ஊருக்கெல்லாம் கூலிக்குத் தெளிப்பவருக்கு வணிக வகை. அதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும். வணிக உரிமம் பெறப் பொதுவாக 250 மணி நேரப் பறத்தல் அனுபவமும், அதைப் பயன்படுத்த இரண்டாம் நிலை மருத்துவச் சான்றும் தேவை. வேளாண் விமானங்கள் பெரும்பாலும் வால்சக்கரம் கொண்டவை, இருநூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் உடையவை என்பதால், அவ்விரண்டுக்கும் தனித்தனியே பயிற்றுநரின் ஒப்பமும் உரிமக் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

எந்த வகைச் சான்றிதழானாலும் அறிவு, திறன் என்ற இரு பகுதிச் சோதனை கட்டாயம். விண்ணப்பதாரரே அதற்கு உட்பட வேண்டும், அல்லது தம் பணிகளை மேற்பார்வையிட அவர் நியமிக்கும் தலைமைப் பொறுப்பாளர் உட்பட வேண்டும்.

அறிவுச் சோதனை

அறிவுப் பகுதியில் விதி ஆறு செய்திகளைக் கேட்கிறது. அவற்றில் விமானத்தின் செயல்திறனும் வரம்புகளும் பற்றியது ஒன்று. பாதுகாப்பான பறத்தல், தெளித்தல் முறைகள் பற்றியது மற்றொன்று. எந்த விமானியும் எதிர்பார்க்கக்கூடியவைதான் இவை.

வேலை தொடங்கும் முன் செய்ய வேண்டியவை என்பது அப்படிப்பட்டதல்ல. வயலைச் சுற்றிப் பார்வையிடுவது இதன் உயிர்நாடி. கம்பம் தெரியும், கம்பி தெரியாது என்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்தது. எனவே கம்பங்களை வைத்துக் கம்பிகளை ஊகிக்கவும், பண்ணைவீட்டுக்குப் போகும் ஒற்றைக் கம்பியைத் தேடவும், காற்று எந்தப் பக்கத்து வயலுக்கு மருந்தைக் கொண்டுபோகும் என்று பார்க்கவும் விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டும். காற்றாலை அமைக்கும் முன் காற்றை அளக்க நடப்படும் ஒல்லியான கோபுரங்கள் இப்போது புதுத் தொல்லை. இருநூறு அடிக்குக் குறைவான அவற்றுக்கு வெகுகாலம் அடையாள வண்ணம்கூடக் கட்டாயமில்லை. அவற்றை அடையாளப்படுத்தச் சொல்லும் சட்டம் 2016-இல்தான் வந்தது.

மீதி மூன்றும் நஞ்சைப் பற்றியவை: அதைக் கையாள்வதும் காலிக் கலன்களை அப்புறப்படுத்துவதும், செடி, விலங்கு, மனிதர் மீது அதன் விளைவுகள், நச்சேற்றத்தின் முதல் அறிகுறிகளும் அவசர நடவடிக்கையும். அருகிலுள்ள நச்சுமுறிவு மையம் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருக்க வேண்டும். ஆறில் மூன்று பங்கை நஞ்சுக்கு ஒதுக்கியது மிகையல்ல. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்பு மண்டலத்தில் கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. வியர்வை, எச்சில் பெருக்கு, குமட்டல், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குதல் ஆகியவை அறிகுறிகள். தரையில் இருப்பவருக்குக் கண்மங்கல் ஒரு நோய்க்குறி. பத்தடி உயரத்தில் கம்பியைத் தேடிப் பறப்பவருக்கு அதுவே உயிராபத்து.

வானிலிருந்து தெளிப்பவரின் நஞ்சறிவு விமானியின் உடல்நலத்தோடு முடிவதில்லை என்பதை நமக்கு உணர்த்தியது கேரளத்தின் காசர்கோடு. அங்கே முந்திரித் தோட்டங்களின் மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தோட்டங்களை ஒட்டி ஊர்களும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. நாடு முழுவதும் அம்மருந்துக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011-இல்.

பறத்தல் சோதனை

திறன் பகுதியைப் பற்றிய விதியின் முதல் நிபந்தனை எடை. விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட பெரும எடையிலோ, சிறப்புப் பணிச் சுமைக்கென வகுக்கப்பட்ட பெரும எடையிலோ, எது கூடுதலோ அதில்தான் செய்து காட்ட வேண்டும். காலித் தொட்டியோடு அழகாகச் சுற்றிக் காட்டித் தப்பிக்க முடியாது. ஏர் டிராக்டர் ஏடி-802 விமானத்தின் தொட்டி 800 காலன், அதாவது சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் அச்சுமை விமானத்தின் வெற்றெடைக்குக் கிட்டத்தட்டச் சமம். நிறைசுமையில் ஏறும் விமானமும், கடைசி ஓட்டத்தை முடித்துத் திரும்பும் விமானமும் ஒரே பெயர் கொண்ட இரு வேறு விமானங்கள் என்றே கொள்ளலாம். முதலாவதைக் கையாளத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் குறுகிய ஓடுதளத்திலிருந்தும் இளகிய மண்தரையிலிருந்தும் ஏறிக் காட்ட வேண்டும். இது ஹெலிகாப்டருக்கு இல்லை. வேளாண் விமானங்கள் பண்ணையோர மண்பாதைகளிலிருந்து வேலை செய்பவை. மழை பெய்த மறுநாளும் மருந்து அடித்தே ஆக வேண்டும்.

அடுத்தது வேலைப்பரப்பை அணுகுதல், அதையொட்டிச் சமநிலைக்கு வருதல். வயலின் விளிம்பில் மரமோ கம்பியோ இருந்தால் அதைத் தாண்டியதும் மூக்கைத் தாழ்த்தி இறங்கி, பயிருக்கு மேலே சரியான உயரத்தில் விமானத்தை மட்டப்படுத்த வேண்டும். கனத்த விமானம் இறங்கிக்கொண்டே இருக்கப் பார்க்கும். மூக்கை உயர்த்தியும் சற்று நேரம் அது கீழ்நோக்கித்தான் அமிழும். தாமதித்தால் சக்கரம் பயிரில் படும். முன்கூட்டியே நிமிர்த்தினால் வயலின் தலைப்பில் மருந்தே விழாது.

பிறகு தெளிப்பு ஓட்டம். ஒரே உயரம், ஒரே வேகம், நேர்கோடு. முந்தைய ஓட்டத்தின் பட்டையோடு அடுத்தது சரியாகப் பொருந்த வேண்டும். விலகினால் இடையில் மருந்து படாத வரி விழும், நெருங்கினால் இரட்டை மருந்தில் பயிர் கருகும். முன்பெல்லாம் வயலில் ஒருவர் கொடியோடு நின்று அடுத்த ஓட்டத்துக்கு இடம் காட்டுவார். அவர் மேலும் மருந்து விழும். ஜிபிஎஸ் வழிகாட்டியும், விமானியின் கண்முன் கோட்டிலிருந்து விலகலைக் காட்டும் விளக்குப் பட்டையும் வந்தபின் அந்தக் கொடிக்காரர் வயலைவிட்டு வெளியேறினார். இத்தொழிலுக்கு மின்னணுவியல் செய்த பேருதவி அதுதான் என்பேன்.

கடைசியில் வயல் முடியும் இடத்தில் மேலெழும்பித் திரும்புதல். பார்ப்பவர் கண்ணுக்குச் சாகசமாகத் தெரிவது இதுதான். நடைமுறையில் இது பொறுமையின் தேர்வு. வயலைத் தாண்டி எழும்பி, முதலில் காற்றுப்போக்கின் பக்கமாக விலகி, பின் எதிர்ப்பக்கம் வளைந்து, அடுத்த கோட்டுக்கு வந்து சேர வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த வளைவை இறுக்கினால், சுமையோடு இருக்கும் விமானம் வேகமிழந்து இறக்கையில் தூக்குவிசை அறும். அவ்வளவு குறைந்த உயரத்தில் மீட்க இடமில்லை. ஒரு ஓட்டத்துக்கு ஒரு திருப்பம் என்பதால், ஒரு நாள் வேலையில் இது எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஹெலிகாப்டர் விமானிகள் இவற்றோடு, விரைந்து வந்து சட்டென்று வேகம் குறைத்து நிற்பதையும் செய்து காட்ட வேண்டும்.

தேர்வாளர் யார், எங்கே

நம்மூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருசக்கர வண்டிக்காரர் எட்டுப் போடும்போது ஆய்வாளர் ஓரமாக நின்று பார்ப்பது போலத்தான் இங்கும்: ஒற்றை இருக்கை விமானமென்றால் தேர்வாளர் தரையில் நிற்கிறார். கைகால் அசைவையும் கருவிகளைப் பார்க்கும் பழக்கத்தையும் அவரால் காண முடியாது. விளைவை மட்டுமே காண்கிறார். இரட்டை இருக்கை கொண்ட பயிற்சி வகைகளும் உண்டு. ஏர் டிராக்டரின் ஏடி-504 பக்கத்துப் பக்கத்து இருக்கைகளோடு அதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் எல்லாத் தொழில்முனைவோரும் ஒன்று வாங்கிவைப்பதில்லை.

சான்றிதழ் கோரும் முதல் விண்ணப்பத்தின்போது அரசு ஆய்வாளர் சோதிக்கிறார். அதன்பின் அந்த நிறுவனத்தில் சேரும் ஒவ்வொரு விமானியும் தம் அறிவையும் திறனையும் காட்ட வேண்டியது அரசிடமல்ல, சான்றிதழ் வைத்திருக்கும் முதலாளியிடம். அவர் தலைமைப் பொறுப்பாளரை நியமித்திருந்தால் அவரிடம். நிறுவனம் விண்ணப்பிக்கும்போதே அங்கே பறந்துகொண்டிருப்பவர், பாதுகாப்பு குறித்தோ தெளிக்கும் திறமை குறித்தோ ஐயத்துக்கு இடமில்லாத பணிப்பதிவு உடையவராயின், அவருக்கு இதுவும் விலக்கு. விமானியின் பெயர், முகவரி, உரிம எண், அவர் இந்தத் தேவையை நிறைவேற்றிய தேதி ஆகியவற்றை வணிகச் சான்றிதழ்க்காரர் பதிவுசெய்து வைக்க வேண்டும்.

முதலாளியே தேர்வாளராகும் ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. விலையுயர்ந்த விமானத்தை அவர் அசட்டையாக யார் கையிலும் கொடுக்கமாட்டார். மறுபக்கமும் உண்டு: பூச்சி பரவிய பருவத்தில், விவசாயிகள் ஓயாமல் தொலைபேசியில் அழைக்கும் வாரத்தில், காலியாக நிற்கும் விமானத்துக்கு ஆள் தேடுபவரும் அவரேதான்.

மறுசோதனை

மேற்கண்ட சோதனைக்குக் காலாவதி கிடையாது. ஒரு நிறுவனத்தில் ஒருமுறை தேறியவர் அங்கே எத்தனை பருவம் பறந்தாலும் 137ஆம் பகுதி அவரை மீண்டும் சோதிக்கச் சொல்வதில்லை. அமெரிக்காவின் எல்லா விமானிகளுக்கும் பொதுவான ஒரு மீளாய்வு உண்டு. 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநரோடு குறைந்தது ஒரு மணி நேரம் தரைப்பாடமும் ஒரு மணி நேரம் பறத்தலும் செய்ய வேண்டும். ஒற்றை இருக்கை விமானத்தில் பயிற்றுநர் ஏற முடியாததால், வேளாண் விமானி இதற்கு எங்கிருந்தாவது ஒரு இரட்டைக் கட்டுப்பாட்டு விமானத்தைப் பிடிக்கிறார். ஆண்டு முழுவதும் டர்பைன் எஞ்சினோடு நிறைசுமையில் பயிர்மட்டத்தில் பறப்பவர், மீளாய்வன்று ஒரு சிறு பயிற்சி விமானத்தில் சில ஆயிரம் அடி உயரத்தில் சாதுவாக வளைந்து காட்டிவிட்டு இறங்குகிறார். விதி நிறைவேறிவிடுகிறது. அவர் தொழில் செய்யும் விதத்தை யாரும் பார்க்கவில்லை.

இந்த இடைவெளியைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் தொட்டது. 2013-இல் நடந்த 78 வேளாண் விமான விபத்துகளை ஆராய்ந்து 2014-இல் அது வெளியிட்ட சிறப்பறிக்கை நான்கு குறைகளைச் சுட்டியது. களைப்பைச் சமாளிப்பது பற்றியும், ஆபத்தை மதிப்பிடுவது பற்றியும் இத்தொழிலுக்கேற்ற வழிகாட்டல் இல்லாதது, போதாத பராமரிப்பு ஆகியவை மூன்று. அறிவு, திறன் சோதனையை எப்படி நடத்துவது என்பதற்கு வழிகாட்டல் இல்லாதது நான்காவது. விதி ஏட்டில் ஏறி அப்போது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

அரசு விட்ட இடத்தைத் தொழில் தானே ஓரளவு நிரப்பிக்கொண்டது. 1966-இல் தொடங்கிய தேசிய வேளாண் விமானப் போக்குவரத்துச் சங்கத்தோடு இணைந்த கல்வி அறக்கட்டளை, கம்பி மோதல், மருந்து விலகல், முடிவெடுத்தல் பற்றி ஆண்டுதோறும் பாடங்கள் நடத்துகிறது. தெளிப்பு முகாம்களில், தரைக்குக் குறுக்கே கட்டிய நூலின் மேல் சாயத்தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போகிறார் விமானி. நூலில் படிந்த சாயத்தை அளந்து, பட்டை சீராக விழுகிறதா, எந்த நோசிலை மாற்ற வேண்டும் என்று சொல்கிறார்கள். இவற்றில் கலந்துகொள்வது கட்டாயமல்ல. ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் விமானியின் அனுபவ மணியையும் பயிற்சியையும் கேட்டுத்தான் காப்பீடு தருகின்றன. அந்த வகையில் அவையே எழுதப்படாத தேர்வாளர்கள்.

மருந்து தெளிப்பவருக்கான உரிமம் தனி. அதை வழங்குபவை மாநில அரசுகள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2017-இல் திருத்திய விதிகள் வான்வழித் தெளிப்பைத் தனிப் பிரிவாக்கி, ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் அவ்வுரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்கின்றன. ஆக, மருந்தறிவுக்குக் காலாவதி உண்டு. தாழப் பறக்கும் திறனுக்கு இல்லை.

குடியிருப்புகளின் மேல்

ஊர்ப்பகுதியின் மேல் தெளிப்பதற்குத்தான் விதி கறாராகிறது. கொசு ஒழிப்புப் பணி இதற்குப் பொதுவான எடுத்துக்காட்டு. உள்ளாட்சியின் எழுத்துமூல ஒப்புதல், பொதுமக்களுக்கு அறிவிப்பு, விமானத்துறையிடம் பணித்திட்டம் எல்லாம் முன்கூட்டியே வேண்டும். விமானி அந்த வகை விமானத்தில் குறைந்தது 25 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணி நேரமாவது கடந்த 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். மருந்து தெளிப்பில் மட்டும் 100 மணி நேர அனுபவம் தேவை. 137ஆம் பகுதியில் அண்மைப் பயிற்சி என்ற கருத்து விமானிக்கு நிபந்தனையாக வருவது இங்கேதான். விமானமும் ஆபத்து வேளையில் தன் சுமையில் பாதியையாவது 45 வினாடிக்குள் கொட்டிவிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும்

குன்றுச்சரிவு மேய்ச்சல் நிலங்களில் விமானத்தால் உரம் தூவுவதை ஒரு தேசியத் தொழிலாகவே வளர்த்த நியூசிலாந்து, வேளாண் பறத்தலுக்குத் தனித் தகுதிநிலை வைத்திருக்கிறது. அதைத் தக்கவைக்க விமானி 12 மாதத்துக்கு ஒருமுறை தம் திறமையைக் காட்ட வேண்டும். சோதிப்பவர் சாதாரணப் பயிற்றுநரல்ல, வேளாண் பறத்தலுக்கென்றே தகுதி பெற்ற ‘இ’ வகைப் பயிற்றுநர். வழக்கமான உச்ச எடையைத் தாண்டிய சுமையோடு ஏற அந்நாட்டு விதி இடம் தருகிறது. பதிலுக்கு, தொட்டியின் 80 விழுக்காட்டை ஐந்தே வினாடியில் கொட்டும் வசதியைக் கேட்கிறது. குன்றுச்சியில் இருக்கும் சரிவான தளத்திலிருந்து நாள் முழுக்க ஏறி இறங்குபவரை ஆண்டுக்கொருமுறை பார்த்துவிடுவது என்ற ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2014 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விமானி உரிம விதிகள் வான்வழித் தெளிப்புத் தகுதி என்ற ஒன்றை வகுத்து, விமானம், ஹெலிகாப்டர், இரவுப்பணி, தீயணைப்பு எனத் தனித்தனி ஒப்பங்களாகப் பிரித்தன. தெளிப்புத் திறன் சோதனை என்ற பெயரிலேயே அங்கே ஒரு மறுசோதனை உண்டு. அது காலாவதியானால் தகுதி தாளில் இருக்கும், பயன்படுத்த முடியாது. புதியவர்கள் தொடக்கத்தில் அனுபவசாலியின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும்.

ட்ரோன்களுக்கு

ட்ரோன் வந்தபின் ஒற்றை இருக்கைச் சிக்கல் மறைந்துவிட்டது. தேர்வாளர் விமானியின் தோளருகே நின்று பார்க்கலாம். அமெரிக்காவில் ட்ரோனால் மருந்து தெளிப்பவரும் 137ஆம் பகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். ஆளேறும் விமானத்துக்கு எழுதிய விதிகளில் பொருந்தாதவற்றுக்கு விலக்கு தரப்படுகிறது. நஞ்சைப் பற்றிய கேள்விகள் அப்படியே தொடர்கின்றன.

இந்தியாவில் 1970களில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் பசந்த் என்ற வேளாண் விமானத்தைச் செய்து பறக்கவிட்டது. 1972-இல் முதலில் பறந்த அது பரவலாகவில்லை. நம் சிறுநிலங்களுக்கு ட்ரோன்தான் வந்து சேர்ந்தது. 2021-இன் ட்ரோன் விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தில் தேறியவருக்குத் தொலைவிமானிச் சான்றிதழ் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகமும் அத்தகைய நிறுவனங்களுள் ஒன்று. பூச்சிக்கொல்லி தெளிப்புக்கான நடைமுறை வழிகாட்டியை வேளாண் அமைச்சகம் அதே ஆண்டு டிசம்பரில் தனியாக வெளியிட்டது. தொலைவிமானிச் சான்றிதழ் பத்தாண்டு செல்லும்.